பச்சைப் பொத்தானுக்கு அப்பால்: கணினித் துறைக்குள் சமூக அறிவியல் நுழைந்த வரலாறு

அமெரிக்காவின் 1890ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஹெர்மன் ஹாலரித் உருவாக்கிய துளை அட்டை இயந்திரம் பயன்பட்டது. அதன்பின் நெடுங்காலம் சமூக ஆய்வில் இயந்திரத்துக்கு இருந்த வேலை ஒன்றுதான்: எண்ணித் தருவது. 1968இல் ஸ்டான்ஃபோர்டில் அரசியல் அறிவியல் ஆய்வு மாணவராக இருந்த நார்மன் நீ என்பவர் டேல் பென்ட், ஹாட்லாய் ஹல் ஆகியோருடன் சேர்ந்து உருவாக்கிய எஸ்பிஎஸ்எஸ் என்ற புள்ளியியல் மென்பொருளும் இவ்வழியில் வந்ததே. 1975இல் அது தனி நிறுவனமாகவே வளர்ந்தது. தமிழக வரலாற்றாய்வும் இதில் பின்தங்கவில்லை. சோழர் கல்வெட்டுகளின் ஆட்பெயர்களைக் கணினியின் துணையோடு தொகுத்து நொபொரு கராஷிமா, எ. சுப்பராயலு, தோரு மட்சுய் மூவரும் 1978இல் வெளியிட்டனர். மூவேந்தவேளான் போன்ற பட்டங்கள் எக்காலத்தில், எப்பகுதியில் மிகுந்திருந்தன என்று எண்ணிக்கையோடு பேச அது வழி செய்தது.

இவற்றில் எல்லாம் கேள்வி கேட்டவர் சமூக ஆய்வாளர், கணினி கருவி. கணினியையே ஆய்வுப் பொருளாக்கும் திருப்பம் ஓர் ஒளிநகல் இயந்திரத்தின் முன் நிகழ்ந்தது.

பெர்க்லியில் மானிடவியல் முனைவர் பட்ட மாணவியாக இருந்த லூசி சச்மன், 1979இல் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்துக்கு வந்தார். பச்சைப் பொத்தானை அழுத்தினால் போதும் என்று நிறுவனம் விளம்பரப்படுத்திய இயந்திரத்தோடு வாடிக்கையாளர்கள் திண்டாடினர். சச்மன் கருத்துக்கணிப்பு நடத்தவில்லை. இருவர் இருவராக மக்களை இயந்திரத்தின் முன் நிறுத்தி, இருபக்க நகல் எடுக்கச் சொல்லி, நடப்பதை வீடியோவில் பதிவு செய்தார். தேர்ந்த கணினி விஞ்ஞானிகளே அதன்முன் தடுமாறிய காட்சியும் பதிவாயிற்று.

அப்பதிவுகளை அவர் நான்கு பத்திகளாகப் பிரித்து எழுதினார்: பயனர் செய்வதில் இயந்திரத்துக்குத் தெரியாதவை, தெரிபவை; இயந்திரம் பயனருக்குக் காட்டுபவை; அதற்குப் பின்னுள்ள வடிவமைப்புக் காரணம். முதல் பத்தியில்தான் விஷயம் இருந்தது. பயனர்கள் தங்களுக்குள் பேசினார்கள், ஐயப்பட்டார்கள், குறிப்பைத் தவறாகப் புரிந்துகொண்டார்கள். இயந்திரம் அறிந்ததோ பொத்தான் அழுத்தம், மூடி திறப்பு போன்ற சிலவற்றை மட்டுமே. மனிதர் முன்கூட்டித் திட்டம் வகுத்து அதன்படியே நடப்பார் என்ற அனுமானம் இங்கே உடைந்தது. 1987இல் நூலாக வந்த இந்த ஆய்வை மனித-கணினி ஊடாட்டத் துறையின் திருப்புமுனை என்பதில் எனக்குத் தயக்கமில்லை.

அதே மையத்தில் ஜூலியன் ஆர், பழுதுபார்ப்போர் தம் அனுபவங்களைக் கதையாகச் சொல்லிச் சொல்லியே பழுதின் காரணத்தைக் கண்டறிவதைக் கள ஆய்வில் காட்டினார். அந்த ஆய்வு 1996இல் நூலாக வெளிவந்தது. 1998இல் மானிடவியலாளர் ஜெனிவீவ் பெல் இன்டெல் நிறுவனத்தில் சேர்ந்தார். இன்று மென்பொருள் நிறுவனங்களில் பயனர் ஆய்வாளர் என்றொரு பணி இருப்பதற்கு இத்தகையோரே தடம் போட்டவர்கள்.

சச்மன் நிரலாளராகிக் கணினித் துறையில் தம் இடத்தைப் பெறவில்லை. மானிடவியலின் கள முறையைக் கைவிடாமல் கணினி ஆய்வகத்துக்குள் கொண்டுசென்றார். ஆகவே இரு துறைகளையும் இணைக்க விரும்பும் மாணவர், ஒன்றிலாவது ஆழமாகக் காலூன்றிய பின்பே மற்றதற்குள் செல்ல வேண்டும். நம் கல்லூரிகளும் சமூகவியல் பாடத்திட்டத்தில் நிரலாக்கத்தையும், கணினிப் பொறியியலில் கள ஆய்வையும் மதிப்பெண்ணுள்ள முழுப் பாடங்களாகச் சேர்க்க வேண்டும்.