பணிச்சோர்வு: அரசியல் தன்னார்வத் தொண்டில்

தேர்தல் பணி, போராட்டம், பரப்புரை ஆகியவற்றில் ஊதியமின்றி நெடுநாள் உழைப்போருக்கு நேரும் உடல், மன ஆற்றல் வற்றிய நிலை. நியூயார்க்கின் இலவச மருத்துவமனைப் பணியாளரிடம் இந்நிலையைக் கண்ட உளவியலாளர் ஹெர்பர்ட் ஃபிராய்டன்பெர்கர் 1974இல் அதை விவரித்தார். மிகுந்த ஈடுபாடு கொண்டவர்களே எளிதில் இதற்கு இரையாகின்றனர் என்றார். கிறிஸ்டினா மாஸ்லாக், சூசன் ஜாக்சன் இருவரும் 1981இல் வெளியிட்ட அளவுகோல் களைப்பு, பற்றின்மை, சாதித்த உணர்வு குன்றுதல் என மூன்று கூறுகளை அளக்கிறது. பின்னர் மாஸ்லாக், மைக்கேல் லைட்டருடன் சேர்ந்து பணிச்சுமை, தன்னுரிமை, அங்கீகாரம், தோழமை, நியாயம், விழுமியம் ஆகியவற்றில் எழும் முரண்பாடுகளைக் காரணங்களாகக் காட்டினார். இவற்றுள் பெரும்பாலானவை அமைப்பின் கையில் இருப்பவை. ஆகவே உறக்கம், ஓய்வு, மறுக்கும் துணிவு போன்ற தன்பேணல் தேவையே எனினும் அது மட்டும் போதாது.

போராட்டக் காலத்தில் ஓய்வைப் பற்றிப் பேசுவது தன்னலம் என்பர் சிலர். புற்றுநோயுடன் வாழ்ந்த அமெரிக்கக் கறுப்பினக் கவிஞர் ஆட்ரி லார்ட், 1988இல் வெளியான நூலில், தன்னைப் பேணுவதை அரசியல் போராகவே கண்டார். இதைவிட வலுவான சான்று, பேருந்துகளில் இனப் பிரிவினையை எதிர்த்து அமெரிக்கக் கறுப்பின மக்கள் நடத்திய மாண்ட்கமரி பேருந்துப் புறக்கணிப்பு (1955–56). 381 நாள் நீடித்த அதைத் தனிமனித வைராக்கியம் மட்டும் தாங்கவில்லை. கார்களைப் பகிர்ந்து மக்களை வேலைக்குக் கொண்டு சேர்த்தனர். ஜார்ஜியா கில்மோர் திரட்டிய பெண்கள் உணவு சமைத்து விற்று அதற்கு நிதி தந்தனர். தேவாலயக் கூட்டங்கள் மனவுறுதியைக் காத்தன. பேணும் வேலை பெண்கள்மேலேயே விழுந்து புதிய சுமையாகும் என்பது நியாயமான மறுப்பு. அவ்வேலையையும் முறைவைத்துப் பகிர்வதே அதற்கு விடை, கைவிடுவதன்று.