விதானத்துக்கு ஒரு கோட் வார்னிஷ்

அதியமான்கோட்டை சென்னராயப் பெருமாள் கோயில் மண்டபத்தில் அண்ணாந்து பார்த்துப் பார்த்தே கழுத்து பிடித்துக்கொண்டது. தர்மபுரியிலிருந்து சேலம் சாலையில் கொஞ்ச தூரம்தான். ஊர்ப்பெயரைக் கேட்டதும் ஔவையும் நெல்லிக்கனியும் நினைவுக்கு வரும். விதானத்தில் இருப்பவையோ பல நூற்றாண்டுகள் பிந்தியவை: விஜயநகர-நாயக்கர் பாணியில் ராமாயண, மகாபாரதக் காட்சிகள். பல இடங்களில் மங்கிவிட்டன.

கூட வந்த நண்பன் சொன்னான்: "ஏன்டா, இதுமேல ஒரு கோட் வார்னிஷ் அடிச்சா பளபளன்னு ஆயிடாது? வெளிநாட்டுக்காரனா இருந்தா இந்நேரம் செஞ்சிருப்பான்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வெளிநாட்டுக்காரர் செய்துதான் பார்த்தார்.

1920-ல் ஹைதராபாத் நிஜாம் அரசு அஜந்தா ஓவியங்களைக் காப்பாற்ற இத்தாலியிலிருந்து லோரன்ஸோ செக்கோனியை வரவழைத்தது. உதவிக்கு ஓர்சினி. இரண்டு குளிர்காலங்கள் வேலை பார்த்தார்கள். உரிந்து விழவிருந்த பூச்சை மறுபடி பாறையோடு ஒட்டவைத்தார்கள். அது பெரிய காரியம், குறைத்துச் சொல்லக் கூடாது. ஆனால் ஓவியங்களின்மேல் ஷெல்லாக்கையும் பூசினார்கள். அன்றைக்கு எல்லாரும் மெச்சினார்கள். வருஷம் போகப் போக அது மஞ்சளித்து, கறுத்து, தூசியைப் பிடித்துக்கொண்டது. அதைக் கரைத்தெடுக்கத் தொல்லியல் துறை வேதியியலாளர்கள் பல பத்தாண்டுகள் மல்லுக்கட்டினார்கள். இதில் வேடிக்கை, ஷெல்லாக் நம்ம ஊர் அரக்குதான்!

செக்கோனி ஒன்றும் கத்துக்குட்டி இல்லை. ஐரோப்பிய எண்ணெய் ஓவியத்துக்கு வார்னிஷ் சகஜம். பழசானால் எடுத்துவிட்டுப் புதிதாகப் பூசுவார்கள். அஜந்தாவில் வண்ணத்துக்கு அடியில் இருப்பது மண், உமி, நார் கலந்த பூச்சு. ஈரத்தை வாங்கும், விடும். கைப்பக்குவம் கப்பலேறி வந்தது, சுவரை யாரும் விசாரிக்கவில்லை.

விசாரித்தவர் எஸ். பரமசிவன். சென்னை அருங்காட்சியகத்தின் வேதியியலாளர். தஞ்சைப் பெரிய கோயிலில் நாயக்கர் ஓவியங்களுக்கு அடியில் சோழர் ஓவியம் இருப்பதை 1931-ல் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டறிந்தார். பரமசிவன் அந்தப் பூச்சை ஆய்வுக்கூடத்தில் சோதித்தார். சோழர்கள் ஈரச் சுண்ணாம்பின்மீதே வண்ணம் தீட்டியிருக்கிறார்கள் என்றார். காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்கிச் சுண்ணாம்பு இறுகும்போது வண்ணமும் அதோடு இறுகிவிடும். 1930களிலேயே இந்த ஆய்வுகள் அமெரிக்காவில், ஹார்வர்டின் ஃபாக் அருங்காட்சியக இதழில் வெளியாயின. மேற்கின் சோதனை முறை இங்கே வந்தது, நம் சுவரின் சேதி அங்கே போனது. நாடுகளுக்கிடையே அறிவுப் பரிமாற்றம் என்று மேடைகளில் பேசும்போதெல்லாம் எனக்கு இவர்தான் நினைவுக்கு வருவார். நம்மில் எத்தனை பேருக்கு இவர் பெயர் தெரியும்?

"அப்ப இதை என்னதான்டா பண்றது?" என்றான் நண்பன்.

மொதல்ல மேல்தளத்தில் தண்ணி நிக்குதான்னு பாக்கணும் என்றேன். ஒழுகும் தளத்துக்குக் கீழே எந்த நாட்டு மருந்தும் நிற்காது. சுண்ணாம்புத் தளத்தின் மேல் சிமென்ட் போட்டு மூடினால் உள்ளே போன ஈரம் வெளியேற வழியின்றி விதானத்தில்தான் உப்பாகப் பூக்கும். பிறகு பூச்சில் என்ன இருக்கிறது என்று ஒரு துணுக்கை எடுத்துச் சோதிக்க வேண்டும். தூரிகையெல்லாம் அப்புறம்.

"அதுக்கே ரெண்டு வருஷம் ஆகுமேடா."

"ஆகும்."

அவன் மறுபடி அண்ணாந்து பார்த்தான். போனில் ஃப்ளாஷை அணைத்துவிட்டுப் படமெடுத்தான்.