மின்சாரம் போன பிறகு எரிய வேண்டிய விளக்கு

படிப்பதற்கு முன் கொஞ்சம் தலையைத் தூக்கிப் பாருங்கள். நீங்கள் இருக்கும் கட்டடத்தில், கதவுக்கு மேலே ‘கெலுவார்’ என்று பச்சை நிறப் பலகை இருக்கும். படிக்கட்டுப் பக்கம் ஓர் அவசர விளக்கும் இருக்கலாம். அதைக் கடைசியாக யார், எப்போது சோதித்தார்கள்? தெரியாது, இல்லீங்களா?

எனக்கும் தெரியாமல்தான் இருந்தது. சென்ற ஆண்டு ஒரு பயிலரங்கின்போது மின்சாரம் போய்விட்டது. அவசர விளக்கு பளிச்சென்று எரிந்தது. ஆனால், நாங்கள் இரண்டு மாடி இறங்குவதற்குள் அதுவும் அணைந்துவிட்டது. மீதிப் படிகளைக் கைப்பேசி வெளிச்சத்தில் கடந்தோம். யாருக்கும் அடிபடவில்லை. ஆனால், எரிந்த விளக்கு ஏன் அணைந்தது என்ற கேள்வி மட்டும் என்னை விடவில்லை. தேடிப் படித்தபோது கிடைத்த வரலாறு இது.

1993 பிப்ரவரி 26. நியூயார்க் உலக வர்த்தக மையத்தின் கீழ்த்தளக் கார் நிறுத்துமிடத்தில் குண்டு வெடித்தது. ஆறு பேர் மாண்டனர். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர். மேலே 110 மாடிக் கோபுரங்கள் இரண்டிலும் ஆயிரக்கணக்கானோர் வேலையில் இருந்தார்கள். மின்சாரம் போனால் இயங்க வேண்டிய அவசர ஜெனரேட்டர்களும் நீண்ட நேரம் ஓடவில்லை. அவற்றைக் குளிர்விக்கும் நீர்க்குழாய்களை வெடிப்பு சேதப்படுத்தியிருந்தது. படிக்கட்டுகளோ கட்டடத்தின் நடுப்பகுதியில், சன்னலே இல்லாமல் இருந்தன. புகையிலும் கும்மிருட்டிலும் மக்கள் கைப்பிடியைத் தடவித் தடவி இறங்கினார்கள். சிலர் வெளியே வர நான்கு மணி நேரத்துக்கும் மேல் ஆனது.

விளக்குகள் இல்லாமல் இல்லை. ஆனால், எல்லாம் ஒரே இடத்து மின்சாரத்தை நம்பியிருந்தன. அந்த ஒன்று கெட்டதும் எல்லாமே போச்சு. இதுதான் காரணம்.

இனி மாற்றத்தைப் பாருங்கள். அதன் பிறகு படிக்கட்டுகளில் மின்கலத்தோடு கூடிய அவசர விளக்குகள் பொருத்தப்பட்டன. வெளிச்சத்தை உள்வாங்கி இருட்டில் ஒளிரும் சாயம் படிகளிலும் கைப்பிடிகளிலும் பூசப்பட்டது. வெளியேறும் பயிற்சிகளும் முறையாக நடத்தப்பட்டன.

2001 செப்டம்பர் 11 அன்று அதே கோபுரங்கள் தாக்கப்பட்டன. தெற்குக் கோபுரம் தாக்கப்பட்ட 56 நிமிடங்களில் இடிந்தது; வடக்குக் கோபுரம் 102 நிமிடங்களில். நான்கு மணி நேரம் தடவிக்கொண்டு இறங்க அன்று நேரமே இல்லை. விமானங்கள் மோதிய தளங்களுக்குக் கீழே இருந்தவர்களில் ஏறக்குறைய 99 விழுக்காட்டினர் உயிர் தப்பினர் என்று அமெரிக்க அரசின் ஆய்வு கூறுகிறது.

மாணவர்களே, இங்கே கவனம் தேவை. ‘விளக்குதான் அனைவரையும் காப்பாற்றியது’ என்று தேர்வில் எழுதிவிடாதீர்கள். அன்று காலை கட்டடம் நிரம்பவில்லை. பயிற்சியும் தீயணைப்பாளர்களின் உதவியும் இருந்தன. விளக்கு பல காரணங்களில் ஒன்று. ஒரு விளைவுக்குப் பல காரணங்களை எடைபோட்டு எழுதுவதே நல்ல வரலாற்று விடை. 2004இல் நியூயார்க் நகரம், உயரமான அலுவலகக் கட்டடப் படிக்கட்டுகளில் இருட்டில் ஒளிரும் குறியீடுகளைக் கட்டாயமாக்கியது என்பதையும் விளைவுகளில் சேர்த்துக்கொள்ளலாம்.

சரி, என் கேள்விக்கு வருவோம். எரிந்த விளக்கு ஏன் அணைந்தது? மின்கலம் பழையதாகிவிட்டால் சில விநாடி எரியும். அதற்கு மேல் தாங்காது. அதனால்தான் அமெரிக்கப் பாதுகாப்பு நெறியில் இரண்டு சோதனைகள் உள்ளன. மாதம் ஒருமுறை 30 விநாடி. ஆண்டுக்கு ஒருமுறை 90 நிமிடம். பிரிட்டிஷ் வழிமுறையிலும் மாதச் சோதனை, ஆண்டுக்கு ஒருமுறை முழுநேரச் சோதனை என்று இரண்டு உண்டு. நம் மொழியில் சொன்னால், மாதச் சோதனை வகுப்பில் கேட்கும் வாய்மொழிக் கேள்வி. ஆண்டுச் சோதனை முழு வினாத்தாள். முதலாவதில் விளக்கு பழுதா என்பது தெரியும். இரண்டாவதில்தான் மின்கலத்தின் உண்மையான பலம் தெரியும். முழுச் சோதனை முடிந்ததும் மின்கலம் காலியாகிவிடும். மறுபடி நிரம்ப ஒரு நாள்கூட ஆகலாம். ஆகவே, ஆள் இல்லாத நாளில் செய்வது நல்லது. தேதி, முடிவு, பழுது, பழுதுபார்த்த நாள் எல்லாவற்றையும் ஒரு பதிவேட்டில் எழுத வேண்டும்.

அன்று எங்களுக்கு நடந்ததும் இதுதான் என்று நினைக்கிறேன். பொத்தானை அழுத்திப் பார்த்திருப்பார்கள்; எரிந்திருக்கும்; திருப்தியோடு போயிருப்பார்கள்.

ஆசிரியர்களே, இந்தப் பாடத்தை நடத்தும் வாரத்தில் பள்ளிப் பராமரிப்புப் பொறுப்பாளரிடம் அந்தப் பதிவேட்டைக் கேட்டுப் பாருங்கள். இருந்தால் மாணவர்களுக்குக் காட்டுங்கள்; அதுவும் ஒரு முதன்மைச் சான்றுதான். இல்லையென்றால், தொடங்கச் சொல்லுங்கள்.

மாணவர்கள் சிந்திக்க: 1993க்குப் பிறகு வந்த மாற்றங்களுள் 2001இல் அதிகம் பயன்பட்டது எது? காரணங்களுடன் விளக்குக.