வாடகைக்கு விடும் முதல் வீடு: கடனும் வருவாயும்

1. எல்லை

சம்பளக்காரர் ஒருவர், தாம் குடியிருப்பதற்காக அல்லாமல் வாடகைக்கு விடுவதற்கென்றே சென்னைப் புறநகரில் வங்கிக் கடனில் வீடு வாங்குவதை மட்டும் இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது. வாடகையே தவணையைக் கட்டிவிடும் என்ற நம்பிக்கை எங்கும் பரவியிருக்கிறது. அது எவ்வளவு தூரம் செல்லும் என்பதே கேள்வி. கணக்குக்காக வைத்துக்கொண்ட வீடு இது: பழைய அடுக்குமாடியில் இரண்டு படுக்கையறை, விலை 60 லட்சம் ரூபாய், மாத வாடகை 17,000.

2. ஈவு

தரகர் சொல்லும் கணக்கு எளிது. ஆண்டு வாடகை 2,04,000. அதை 60 லட்சத்தால் வகுத்தால் 3.4 விழுக்காடு. இதில் மேலே உள்ள எண்ணும் சரியில்லை, கீழே உள்ள எண்ணும் சரியில்லை. மறுவிற்பனை வீட்டுக்குத் தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை 7 விழுக்காடு, பதிவுக் கட்டணம் 2 விழுக்காடு. முழு விலைக்கும் பத்திரம் பதிந்தால் 5.4 லட்சம் அதற்கே போகும். தரகு, வக்கீல் கட்டணம், பெயின்ட், குழாய் வேலை எல்லாம் சேர்த்து 1.6 லட்சம் என்று வைத்தால், போட்ட பணம் 67 லட்சம்.

வரவிலும் கழிக்க வேண்டியவை உண்டு. குடித்தனக்காரர் மாறும்போது வீடு பூட்டிக் கிடக்கும். அதற்கு ஒரு மாத வாடகையை ஒதுக்குவது நியாயம். சொத்து வரி 6,000, பழுதுபார்ப்பு 15,000 என்று கொண்டால் மிஞ்சுவது 1,66,000. உண்மையான ஈவு 2.5 விழுக்காட்டை ஒட்டியே நிற்கிறது.

3. கடன்

ரிசர்வ் வங்கி விதிப்படி, 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான வீட்டுக் கடனில் சொத்து மதிப்பில் 80 விழுக்காடு வரைதான் கொடுக்கலாம். அந்த மதிப்பில் முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேராது. எனவே அதிகபட்சக் கடன் 48 லட்சம். கைப்பணம் 12 லட்சம் அல்ல, 19 லட்சம். புதிதாக இறங்குபவர் முதலில் தடுமாறுவது இங்கேதான்.

8.5 விழுக்காடு வட்டியில் 20 ஆண்டுக்கு, லட்சத்துக்கு ஏறத்தாழ 868 ரூபாய் தவணை. 48 லட்சத்துக்கு மாதம் சுமார் 41,650. ஆண்டுக்கு 5 லட்சம். நிகர வாடகை 1.66 லட்சம் போக, சம்பளத்திலிருந்து மாதம் 27,800 ரூபாய் இட்டு நிரப்ப வேண்டும். முதல் ஆண்டு வட்டி மட்டுமே 4 லட்சத்தைத் தாண்டுவதால் வாடகை வட்டிக்கே போதாது. திருப்பிக் கேட்டால்தான் நிலைமை தெளிவாகும்: இந்த வாடகை தானாகச் சுமக்கக்கூடிய கடன் எவ்வளவு? வெறும் 16 லட்சம். மீதி 51 லட்சம் சொந்தப் பணமாக இருந்தால்தான் வீடு தன் தவணையைத் தானே கட்டும்.

வட்டி நிலையாக இருக்கும் என்றும் கொள்ளக்கூடாது. 2019 அக்டோபர் முதல் வங்கிகள் தரும் புதிய மாறும் வட்டி வீட்டுக் கடன்கள் வெளி அளவுகோல் ஒன்றோடு, பெரும்பாலும் ரிசர்வ் வங்கியின் ரெப்போ வட்டியோடு, பிணைக்கப்பட்டுள்ளன. 2022 மே மாதம் 4 விழுக்காட்டிலிருந்து ஏறத் தொடங்கிய ரெப்போ 2023 பிப்ரவரியில் 6.5 ஆனது. 7 விழுக்காட்டில் 48 லட்சம் கடன் வாங்கியவரின் தவணை சுமார் 37,200. அதே கடன் புதிதாக இருக்கும்போதே வட்டி 9.5 ஆனால், மாத வட்டி மட்டும் 38,000. தவணை முழுவதும் கட்டியும் அசல் குறையாது. ஆகவே இரண்டரை விழுக்காடு ஏறினாலும் தாங்குமா என்று பார்த்த பிறகே கடன் தொகையை முடிவு செய்ய வேண்டும். ஈவு வட்டியைவிடக் குறைவாக இருக்கும்வரை, கடன் கூடக்கூட நட்டமும் கூடும்.

4. அட்வான்ஸும் போக்கியமும்

சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் பழைய வழக்கம். 2019இல் நடைமுறைக்கு வந்த 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம், வேறு உடன்பாடு இல்லையென்றால் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக்கூடாது என்கிறது. எவ்வளவானாலும் அது திருப்பித் தரவேண்டிய பணம். முதலாகக் கணக்கிடக் கூடாது.

வீட்டைப் போக்கியத்துக்கு விட்டு, வந்த பணத்தால் கடனைக் குறைக்கலாம் என்ற யோசனையும் உண்டு. 10 லட்சம் அடைத்தால் ஆண்டுக்கு 85,000 வட்டி மிச்சம். இழக்கும் வாடகையோ 2,04,000. சரிக்கட்டவே 20 லட்சத்துக்கு மேல் போக்கியம் வேண்டும். இதைவிடப் பெரிய சிக்கல் குடியிருப்பவருக்கு. அடமானம் முந்தியது. தவணை தவறினால் 2002ஆம் ஆண்டு சர்ஃபேசி சட்டப்படி வங்கி வீட்டை ஏலம் விடும். போக்கியதாரரின் வாழ்நாள் சேமிப்புக்கு வீட்டில் பிடிமானம் இராது. வங்கி அடமானத்தில் உள்ள வீட்டைப் போக்கியத்துக்கு விடுவது தவறு என்றே கருதுகிறேன்.

5. வருமான வரி

வாடகையில் சொத்து வரி போக 30 விழுக்காடு கழிவும், கடன் வட்டியும் கழிக்கலாம். நம் கணக்கில் சுமார் 2.77 லட்சம் நட்டம் வரும். பழைய வரி முறையில் அதில் 2 லட்சத்தைச் சம்பளத்தோடு ஈடுகட்டலாம்; புதிய முறையில் ஒரு ரூபாய்கூட முடியாது. வரிச் சலுகைக்காக வீடு வாங்கச் சொல்பவர்கள் பலர் இதைச் சொல்வதில்லை.

6. ஆவணமும் நிலப்பங்கும்

மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா மூன்றையும் வாங்குபவரே அமர்த்திய வக்கீல் பார்க்க வேண்டும். வங்கி வக்கீலின் அக்கறை வங்கியின் கடனோடு நின்றுவிடும். விலையேற்றம், வீட்டை விற்கும் நாள்வரை கையில் வராத பணம். அதை ஆண்டு வரவில் சேர்த்தால் எந்தக் கணக்கும் இலாபமாகத் தெரியும். அந்த ஏற்றமும் நிலத்தில்தான், கட்டடம் தேய்ந்துகொண்டே போகும். அதனால் ஒரே விலை, ஒரே வாடகை உள்ள இரண்டு வீடுகளில், கிரயப் பத்திரத்தில் பிரிபடாத நிலப்பங்கு 400 சதுர அடி என்று உள்ளதையே, 220 சதுர அடி உள்ள புதிய உயர்மாடி வீட்டைவிட முதலில் விசாரிக்க வேண்டும்.