தீயணைப்போர் உடல்நலம் : ஒரு வரலாற்று நோக்கு

தீயணைப்புப் படையை நம்மவர் பலர் 'பொம்பா' என்றே வழங்குவர். மலாய் மொழியில் வழங்கும் இச்சொல் போர்ச்சுகீசியரிடமிருந்து வந்தது. நீரிறைக்கும் பொறி என்பதே அவர் மொழியில் இதன் பொருள். ஆகவே, படைக்குப் பெயர் தந்தது பொறியே; அதனை இயக்கிய மனிதன் அல்லன். பெயரில் மட்டுமன்று, தீயணைப்பின் வரலாற்றிலும் நெடுங்காலம் இதுவே நிலைமை. பொறியைத் துடைத்தும் எண்ணெயிட்டும் காத்தவர்கள், அதனைக் கையாண்டவனின் உடலை அவ்வாறு காக்க எண்ணவில்லை. வலியவனைத் தேர்ந்தெடுத்தால் போதும் என்றிருந்தனர். வலிமையைத் தேர்வது வேறு, தேர்ந்த வலிமையைக் காப்பது வேறு என்பது தெளிவாக ஏறத்தாழ நூற்றெழுபது ஆண்டுகள் சென்றன. அவ்வரலாற்றைச் சுருக்கமாக நோக்குவோம்.

எடின்பரோவில் தொடக்கம்

ஸ்காட்லாந்தின் தலைநகராகிய எடின்பரோவில் 1824ஆம் ஆண்டு நகராட்சித் தீயணைப்புப் படையொன்று அமைக்கப்பட்டது. அதன் தலைவராக அமர்ந்தவர் ஜேம்ஸ் பிரெய்ட்வுட் என்னும் இளைஞர். அக்காலத்தில் தீயணைப்பு என்பது கூடிய கூட்டத்தின் கைவேலையாகவே இருந்தது. பிரெய்ட்வுட் அதனைப் பயிற்சி பெற்றோர் செய்யும் தொழிலாக்கினார்.

அவர் ஆள் எடுத்த முறை நுட்பமானது. கூரை வேய்வோர், தச்சர், கொத்தர், கொல்லர், குழாய் வேலைக்காரர் ஆகியோரையே அவர் பெரிதும் விரும்பினார். கூரை வேய்வோன் உயரத்திற்கு அஞ்சான். தச்சனும் கொத்தனும் கட்டடத்தின் போக்கை அறிவர். கொல்லன் வெப்பத்திற்குப் பழகியவன். இவ்வாறு தொழிலே தந்த உடலுறுதியைத் தேடிப் பிடித்ததோடு அவர் நின்றாரில்லை. விடியற்காலையில் தெருக்களில் ஒத்திகை நடத்தினார். ஏணியிலும் கயிற்றிலும் ஏறும் உடற்பயிற்சியும் தந்தார். தம் அனுபவத்தை 1830இல் நூலாகவும் வெளியிட்டார். தீயணைப்போர்க்கு முறையான உடற்பயிற்சி வேண்டும் என்று வலியுறுத்திய முன்னோடிகளுள் அவர் ஒருவர் எனலாம்.

காப்புறுதிக் கழகங்கள் பல ஒன்றுகூடி 1833இல் இலண்டனில் அமைத்த படைக்கும் பிரெய்ட்வுட்டே தலைவரானார். 1861ஆம் ஆண்டு சூன் 22ஆம் நாள் டூலி தெருக் கிடங்குகளில் பெருந்தீ மூண்டது. களைத்துப் போன தம் வீரர்க்குப் பிராந்தி வழங்கித் தேற்றிக்கொண்டிருந்தபோது, சுவரொன்று சரிந்து விழுந்து அவர் உயிரைப் பறித்தது. தளர்ந்த உடலுக்கு அக்காலம் அறிந்த மருந்து பிராந்தி ஒன்றே!

முப்பத்தேழு அங்குல நெஞ்சு

அவருக்குப் பின் வந்த காப்டன் எயர் மாசி ஷா, கப்பல் மாலுமிகளையே படைக்குத் தேர்ந்தெடுத்தார். வயது 25க்குள் இருத்தல் வேண்டும். நெஞ்சின் சுற்றளவு 37 அங்குலத்திற்குக் குறைதல் ஆகாது. மீட்பு ஏணியைத் தனியொருவனாக நின்று உயர்த்திக் காட்ட வேண்டும். மாலுமிகளை ஏன் நாடினார்? அவர்கள் கட்டளைக்கு அடங்குவர், உயரத்திற்கு அஞ்சார், இரவு பகல் பாராமல் விழித்திருப்பர் என்பதனாலேயே.

இங்கேதான் குறை தோன்றுகிறது. அளந்து எடுத்த அந்த நெஞ்சைப் பின்னர் எவரும் அளந்து பார்க்கவில்லை. வீரர்கள் நிலையத்திலேயே குடியிருந்து, ஓய்வு மிகக் குறைந்த நிலையில் பணியாற்றினர். இலண்டனில் இரு முறை மாறும் வேலை ஒழுங்கு 1920இல்தான் நடைமுறைக்கு வந்தது. புகையைத் தாங்குவது வீரமாகக் கருதப்பட்டது. அமெரிக்காவில் 'புகை தின்னி' என்பது தீயணைப்பு வீரனுக்குப் பட்டப்பெயராகவே வழங்கிற்று.

கொல்வது நெருப்பு மட்டுமா?

தீயணைப்போன் எதனால் இறக்கிறான் என்று கேட்டால், தீயினால் என்றே எவரும் விடை கூறுவர். கணக்கு வேறு கூறிற்று. அமெரிக்காவில் 1994 முதல் 2004 வரை பணியின்போது நேர்ந்த இறப்புகளை ஹார்வர்டு அறிஞர்கள் ஆராய்ந்து 2007இல் முடிவை வெளியிட்டனர். 2001 செப்டம்பர் 11ஆம் நாள் தாக்குதலில் மாண்டோர் இக்கணக்கில் சேரார். எஞ்சிய 1,144 பேருள் 449 பேர் இதயத் தமனி நோயால் இறந்திருந்தனர். அதாவது நூற்றுக்கு 39 பேர். அவருள்ளும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் தீயோடு போராடும் வேளையில் மாண்டனர். அப்போராட்டமோ அவர்கள் பணி நேரத்தில் நூற்றுக்கு ஒன்று முதல் ஐந்து பங்கே!

இதன் காரணம் யாதெனின், உடல் அடையும் திடீர் மாற்றமே. அமர்ந்திருப்பவன் மணியோசை கேட்டு எழுகிறான், நாடி விரைகிறது. கனத்த காப்புடையும் மூச்சுக்கருவியும் சுமையாகின்றன. உடை வெளி வெப்பத்தைத் தடுக்கிறது. உடலின் வெப்பத்தையும் வெளியே விடுவதில்லை. வியர்வை பெருகிக் குருதியின் நீர் குறைகிறது. மறைந்து கிடக்கும் நோய் அந்நேரத்தில் தலைதூக்குகிறது. இருபது வயதில் அளந்த நெஞ்சு நாற்பத்தைந்தாம் வயதிற்குச் சான்றாகாது அன்றோ?

புதிய நெறி

இதய நோயின் கொடுமை ஆண்டுக் கணக்குகளால் முன்னரே உணரப்பட்டிருந்தது. ஆயினும், பரிசோதனை என்றாலே வீரர்கள் அஞ்சினர். குறை கண்டால் வேலை போய்விடும் என்பது அவர்கள் கவலை. நோயை மறைத்தவன் வேலையைக் காத்துக்கொண்டான், உயிரை இழந்தான். இம்முடிச்சை அவிழ்க்கத் தொழிற்சங்கமும் படைத்தலைவர் கழகமும் ஒன்றுகூடின. அமெரிக்கா, கனடா ஆகிய நாடுகளின் பத்துத் தீயணைப்புத் துறைகளைக் கொண்டு வகுத்த உடல்நலத் திட்டம் 1997இல் வெளிவந்தது. ஆண்டுதோறும் மருத்துவப் பரிசோதனை, பணி நேரத்திலேயே உடற்பயிற்சி, காயமுற்றோர்க்கு மறுவாழ்வு, மனநலத் துணை ஆகியவை அதன் உறுப்புகள். சோதனை முடிவு தண்டிப்பதற்கன்று, திருத்துவதற்கே என்பது அதன் உயிர்நிலை.

புதியவரைத் தேர்வதற்கு 1999இல் தனியொரு சோதனையும் வகுக்கப்பட்டது. 50 இராத்தல் சுமையணிந்து, படியேறுதல், குழாய் இழுத்தல், 165 இராத்தல் பொம்மையை இழுத்து மீட்டல் முதலிய எட்டுச் செயல்களை 10 நிமிடம் 20 விநாடிக்குள் முடித்தல் வேண்டும். நெஞ்சின் அளவு கேட்ட காலம் போய், செயலின் அளவு கேட்கும் காலம் வந்தது. தேர்வுக்கு ஒரு முறை, காப்புக்கு ஒரு முறை என இரண்டும் தனித்தனியே அமைந்தமையே இவ்வரலாற்றின் திருப்பம்.

இண்டியானா மாநிலத்தில் 1,104 ஆண் வீரர்களைப் பத்தாண்டுகள் தொடர்ந்து நோக்கிய ஆய்வொன்று 2019இல் வெளிவந்தது. நாற்பதுக்கு மேல் தண்டால் எடுத்தோர்க்கு, பத்துக்கும் குறைவாக எடுத்தோரைவிட இதய நோய் நூற்றுக்கு 96 பங்கு குறைவாக இருந்தது. தண்டாலே மருந்து என்று இதற்குப் பொருளன்று. அஃது உடலுறுதியைக் காட்டும் எளிய அளவுகோல் என்பதே பொருள்.

உடற்பயிற்சி ஒன்றே எல்லாவற்றையும் தீர்த்துவிடாது. தீயணைப்புத் தொழிலே புற்றுநோய்க்குக் காரணமாகும் என உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2022இல் வகைப்படுத்தியது. கரி படிந்த தலைக்கவசம் ஒரு காலத்தில் வீரத்தின் அடையாளம். இன்று அது கழுவி நீக்க வேண்டிய நஞ்சு.

பொம்பா என்றால் நீரிறைக்கும் பொறி என்றோம். ஒவ்வொரு வீரனின் நெஞ்சுக்குள்ளும் ஓய்வின்றிக் குருதி இறைக்கும் பொறியொன்று உண்டு. அதனையும் காப்பது, அவனைத் தீக்குள் அனுப்பும் சமுதாயத்தின் கடமையாகும்.