மூன்று மணி நேரக் கல்யாணம்

வீட்டு பீரோவில் இருக்கும் கல்யாண கேசட் பெரும்பாலும் அசல் இல்லை, நகல். மண்டபத்தில் கேமராவுக்குள் ஓடிய கேசட்டை வீடியோக்காரர் தன்னிடமே வைத்துக்கொள்வார். ஸ்டூடியோவில் அதை மிக்ஸிங் செய்து, பெயரெழுத்துப் போட்டு, சினிமாப் பாட்டு ஏற்றி, இன்னொரு கேசட்டில் பதிந்து தருவார். அசல் கேசட் அடுத்த முகூர்த்தத்துக்குப் போய்விடும், மேலேயே பதிந்துகொள்ளலாமே!

எங்கள் சித்தியின் கல்யாண கேசட்டும் அந்த வகைதான். 1991, கும்பகோணம். கண்ணைக் கூசும் லைட்டைத் தூக்கிக்கொண்டு ஒரு பையன் முன்னால் போவான். ஒயரை இழுத்துக்கொண்டு இன்னொருவன் பின்னால் போவான். தாலி கட்டும்போது கெட்டிமேளம் கேட்காது, பாட்டுதான் கேட்கும். தாத்தா யாரையோ அதட்டுகிறார், வாய் மட்டும் அசைகிறது. பந்தியில் மட்டும் எப்படியோ பாட்டுப் போட மறந்துவிட்டார்கள். இலை போடும் சத்தம், “இந்தப் பக்கம் ரசம் வரலை” என்று பெரியப்பாவின் குரல், அத்தைகளின் சிரிப்பு எல்லாம் அப்படியே இருக்கின்றன. என்னைக் கேட்டால் மூன்று மணி நேரத்தில் உருப்படியான பகுதி அதுதான்.

ஜப்பானின் ஜேவிசி நிறுவனம் 1976இல் விற்பனைக்குக் கொண்டுவந்த விஎச்எஸ் முறையிலான கேசட் இது. அரை அங்குல அகலத்தில் சுமார் 258 மீட்டர் பாலியெஸ்டர் நாடா, அதன் மேல் இரும்பு ஆக்சைடு பூச்சு. நிமிடத்துக்கு 1500 முறை சுழலும் உருளையில் இருக்கும் ஹெட்டுகள் நாடாவைச் சாய்வாக உரசி, நொடிக்கு 50 அரைப்படங்களாகப் பதியும். கேசட்டின் முதுகில் ஒரு சின்ன பிளாஸ்டிக் நாக்கு உண்டு. அதை உடைத்துவிட்டால் மேலே வேறெதுவும் பதிய முடியாது. உடைக்காமல் விட்ட வீடுகளில் மாலை மாற்றி முடிந்ததும் தூர்தர்ஷன் படம் தொடங்கிவிடும். சித்தப்பா முதல் நாளே உடைத்துவிட்டார்.

2003 வாக்கில் கேசட் ஓட்டும் வீட்டு டெக் (விசிஆர்) படுத்தது. எல்லோரும் விசிடிக்கு மாறிக்கொண்டிருந்த நேரம். கடையில் கொடுத்து மாற்றினார்கள். அன்று அதை முன்னேற்றம் என்றுதான் நினைத்தோம். உண்மையில் விசிடி என்பது 352க்கு 288 புள்ளிகள் கொண்ட சிறிய படம். 50 அரைப்படங்களில் பாதியைக் கழித்துவிடும். அதனால்தான் அசைவுகளில் ஒரு தடக்கலும், கூட்டம் நகரும்போது கட்டம் கட்டமாகச் சிதறலும். ஒரு சிடியில் 80 நிமிடம்தான் பிடிக்கும் என்பதால் மூன்று சிடி வேண்டும். கடைக்காரர் இரண்டில் முடித்துவிட்டார். வெட்டுப்பட்டது பந்தி!

சில வருடங்கள் கழித்து டிவிடி. 720க்கு 576 புள்ளிகள், 50 அரைப்படமும் நிற்கும். நாடாவில் இருப்பதைத் தாங்கப் போதுமான வடிவம். ஆனால் புது டிவிடியிலும் அதே கட்டங்கள், அதே தடக்கல், பந்தியும் இல்லை. வேறொரு கடைக்காரர் கேசட்டைத் தொடாமல், கூடவே கொடுத்த விசிடியை டிவிடியாக்கியிருந்தார். நல்லவேளை, கேசட்டையாவது திருப்பித் தந்தார்.

இப்போது லேப்டாப்பில் டிஸ்க் போட இடமே கிடையாது. தம்பி கேசட்டையே எடுத்துக்கொண்டு, இதைத் தொழிலாகச் செய்யும் ஒருவரிடம் போனான். நாடாவின் ஓரத்தில் வெள்ளையாகப் பூஞ்சை. அப்படியே டெக்கில் போட்டால் ஹெட் அடைத்துக்கொள்ளும், அடுத்த கேசட்டுக்கும் தொற்றும். முதலில் துடைத்துச் சுத்தம் செய்தார். பிறகு டெக்குக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவே டைம்பேஸ் கரெக்டர் என்ற கருவியை வைத்தார். பழைய நாடா ஒரே சீராக ஓடாது. படத்தின் மேல்பகுதி கொடிபோல வளையும். வரிகளின் நேரத்தைச் சரிசெய்து நிமிர்த்துவது அந்தக் கருவியின் வேலை. இதில் வேகப்படுத்த வழியில்லை, மூன்று மணி நேரக் கேசட் மூன்று மணி நேரம் ஓடித்தான் ஆகவேண்டும். சுருக்காமல் வைத்தால் 200 ஜிபியைத் தாண்டும் என்பதால் அளவாகச் சுருக்கிப் பென் டிரைவில் தந்தார். சிடியிலும் டிவிடியிலும் தொலைந்த பந்தி முழுசாக வந்துவிட்டது, ரசம் வராத கோபத்தோடு.

விசிஆர் தயாரித்த கடைசி நிறுவனமான ஜப்பானின் ஃபுனாய் 2016 ஜூலையில் உற்பத்தியை நிறுத்திவிட்டது. இருக்கும் டெக்குகள்தான் இனி. ஹெட் தேய்ந்தால் இன்னொரு டெக்கைப் பிரித்துத்தான் மாற்ற வேண்டும். ஆகவே கேசட் இருந்தால் இந்த வருடமே கொடுத்துவிடுங்கள். கடையில் மூன்று விஷயம் கேளுங்கள்: கேசட்டிலிருந்தே எடுக்கிறீர்களா, ஒரு நிமிடம்கூட வெட்டாமல் தருவீர்களா, டிஸ்க் அல்லாமல் ஃபைலாகத் தருவீர்களா? வந்த ஃபைலை இரண்டு இடங்களில் வையுங்கள். ‘அதான் மாத்தியாச்சே’ என்று கேசட்டை மட்டும் பழைய சாமான்காரரிடம் போட்டுவிடாதீர்கள்.