வரகுணன் யாண்டும் ஐவர்மலைப் பள்ளியும்

பழனித் திருநகருக்கு மேற்கே ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தொலைவில், கொழுமம் செல்லும் வழியில், பாப்பம்பட்டிக்கு அணித்தாக ஒரு குன்று உளது. அதனை அவ்வூரார் ஐவர்மலை என்பர். கொடைக்கானலைத் தன் மேற்கொண்டு தெற்கே நீண்டு கிடக்கும் பழனிமலைத் தொடரினின்றும் விலகிச் சமநிலத்தே தனித்து நிற்பது அது. பாண்டவர் ஐவரும் வனவாச காலத்தில் ஈண்டுத் தங்கினராதலின் அப்பெயர் எய்திற்று என்பது செவிவழி வழக்கு. ஆயின் அக்குன்றிலுள்ள பழைய கல்லெழுத்து அதனைத் ‘திருவயிரை’ என்றே குறிக்கின்றது. அயிரை என்பது நாளடைவில் ஐவரை என்றும் ஐவர் என்றும் மருவ, மருவிய பெயருக்கேற்பக் கதையும் பிறந்தது போலும். பதிற்றுப்பத்தில் சேரரொடு சார்த்திக் கூறப்படும் அயிரை மலை இதுவே என்று கொள்வாரும் உளர்.

மலைமேற் சிறிது ஏறிய அளவில், கூரை கவிந்தாற்போல முன்னோக்கிச் சாய்ந்த பெரும் பாறையும் அதன்கீழ் நீண்ட இயற்கைக் குகையும் காணப்படும். குகைக்கு மேலே பாறையின் முகத்தில் பதினாறு தீர்த்தங்கரர் திருவுருவங்கள் வரிசையாகப் புடைப்புச் சிற்பமாய்ச் செதுக்கப்பட்டுள்ளன. சில இருந்த கோலத்தன; சில நின்ற கோலத்தன. பாம்பின் படம் குடையாகக் கவிந்த பார்சுவநாதர் உருவத்தை எளிதில் அறியலாம். அவ்வுருவங்களைச் செய்வித்தோர் பெயர்களும் அங்கே பொறிக்கப்பட்டுள. அவருள் அச்சணந்தி என்பார் பெயர் சமண வரலாறு அறிந்தார்க்குப் புதிதன்று. மதுரை ஆனைமலையிலும் அழகர்மலையிலும் பழனிமலைத் தொடருக்குத் தெற்கே உத்தமபாளையத்திலும் அவர் செய்வித்த உருவங்கள் உள்ளன. ஊர்ஊராகச் சென்று கல்லில் தம் சமயத்தை நிலைபெறுத்திய ஒரு பெரியார் அவர் என்பது இவற்றால் புலனாகும்.

 இது துறவிகள் உறைந்த பள்ளியாக இருந்தது என்பதற்கும், அப்பள்ளி எவ்வாறு நடைபெற்றது என்பதற்கும் சான்றாவது, 1905-ஆம் ஆண்டில் கல்வெட்டுத் துறையினர் படியெடுத்த ஒரு சாசனமே. அதன் பொருள் வருமாறு: சக யாண்டு 792 சென்ற அளவில், வரகுணனுக்கு எட்டாவது யாண்டில், குணவீரக் குரவடிகளின் மாணாக்கராகிய காளத்துச் சாந்திவீரக் குரவர், திருவயிரையிலுள்ள பார்சுவ படாரரையும் இயக்கியரையும் புதுக்கி, அவர்களுக்கு முட்டாது அவி செலுத்துதற்கும் அடிகள் ஒருவர்க்குச் சோறிடுதற்கும் 505 காணம் பொன் அமைத்தார்.

‘புதுக்கி’ என்னும் சொல் ஈண்டுக் கருதற்பாலது. கி. பி. 870-இலேயே அவ்வுருவங்கள் பழுதுற்றிருந்தன. அவற்றை ஒரு துறவி சீர்செய்தார். ஆகவே பள்ளி அதனினும் முற்பட்டது. முதற்பொருளை வைத்து அதன் ஆதாயத்தால் பூசையும் ஒரு துறவிக்கு அன்னமும் என்றும் நடைபெறச் செய்த இம்முறை, நம் மடங்களின் மாகேசுர பூசைக் கட்டளைகளை அறிந்தார்க்கு நன்கு விளங்கும். சமயம் வேறாயினும் சோற்றுக்கும் விளக்குக்கும் வழிசெய்யும் கணக்கு ஒன்றே. வரகுணன் இப்பள்ளிக்கு யாதேனும் ஈந்தான் என்று கல் கூறவில்லை. காலங் குறித்தற்பொருட்டே அவன் பெயர் வந்துளது.

இனி, சைவர்க்கு இக்கல்லினால் வரும் பயன் யாதெனின், கூறுதும். பழைய தமிழ்ச் சாசனங்களிற் பெரும்பாலான அரசனது ஆட்சி யாண்டை மட்டுமே கூறும். ‘இன்ன மன்னற்கு யாண்டு எட்டு’ என்ற அளவில் அம்மன்னன் எந்நூற்றாண்டினன் என்பது பெறப்படாது. சக யாண்டோ கலியாண்டோ உடன் பொறிக்கப்பட்ட சாசனம் ஒன்றேனும் கிடைத்தால்தான் ஏனையவற்றை அதனொடு கட்டி நிறுத்தலாம். சக யாண்டு 792-உடன் 78 கூட்டக் கி. பி. 870 ஆகும். அஃது எட்டாவது ஆட்சி யாண்டாகலின் இவ்வரகுணன் முடிசூடியது 862-ஐ ஒட்டி என்பது தெளிவு. இதற்கு நூறு ஆண்டு முற்பட்ட மற்றொரு முளை மதுரையை அடுத்த ஆனைமலையில் உளது. அங்கே நரசிங்கப் பெருமாள் குடைவரையில் மாறன் காரி என்னும் அமைச்சனது சாசனம் கலியாண்டு 3871, அஃதாவது கி. பி. 770 என்று கூறும். முற்காலப் பாண்டியர் காலவரிசை பெரும்பாலும் இவ்விரு முளைகளிலேயே கட்டப்பட்டுளது. ஒன்று வைணவர் குடைந்த கோயிலிலும் மற்றொன்று சமணர் பள்ளியிலும் உள்ளன. சிவாலயத்துக் கல்வெட்டுக்களையே தேடித் திரிவார்க்கு இவை கிடைத்திரா.

மாணிக்கவாசக சுவாமிகள் அருளிய திருக்கோவையாரில் 306, 327-ஆம் செய்யுட்களில் வரகுணன் பெயர் வருகின்றது. தில்லையம்பலவனை ஏத்துவோனாக அப்பாண்டியன் அங்கே கூறப்படுகின்றான். பட்டினத்தடிகள் திருவிடைமருதூர் மும்மணிக்கோவையிற் பாராட்டும் அன்பிற் சிறந்த வரகுணனும் சைவர் நெஞ்சில் நிலைத்தவனே. சுவாமிகள் காலம் பற்றி நெடுங்காலம் வழக்கு நிகழ்ந்தது. மறைமலையடிகள் 1930-இல் வெளியிட்ட ‘மாணிக்கவாசகர் வரலாறும் காலமும்’ என்னும் பெருநூலில் மூன்றாம் நூற்றாண்டு என்று நிறுவ முயன்றார். அந்நூலின் உழைப்பு பெரிது; அது சைவருலகிற்குச் செய்த நன்மையும் பெரிது. ஆயினும் வரகுணன் பெயர் அம்முடிபிற்கு இடையூறாகவே நிற்கின்றது. வேள்விக்குடிச் செப்பேடு கடுங்கோன் முதல் நெடுஞ்சடையன் ஈறாகக் கூறும் அரசருள் வரகுணன் என்ற பெயர் இல்லை. நெடுஞ்சடையனுக்கே அப்பெயரும் வழங்கிற்று என்று கொள்ளினும், அவன் எட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியினன். அதற்கு முன்னே ஒரு வரகுணனைத் துணிதற்குக் கல்லும் செம்பும் இடந்தரவில்லை.

சின்னமனூர்ப் பெரிய செப்பேடு இரு வரகுணரைக் காட்டும். முதல்வன் மகன் சீமாறன் சீவல்லபன். அவன் மகன் இரண்டாம் வரகுணன். கம்பம் பள்ளத்தாக்கிற் கிடைத்த செம்பு வழிமுறையைத் தர, மலைக்கு வடக்கே ஐவர்மலைக் கல் ஆண்டைத் தருகின்றது. இலங்கை மகாவமிசமும் இதனொடு ஒத்து நிற்கும். இரண்டாம் சேனன் (853–887) படை மதுரையைக் கைக்கொண்டு பாண்டிய இளவரசன் ஒருவனை அரியணை ஏற்றியதாக அது கூறும். அவ்விளவரசன் இவ்வரகுணனே என்று ஆராய்ச்சியாளர் பலர் கருதுவர்.

ஈண்டு ஓர் எச்சரிக்கை வேண்டும். கோவையாரில் வரகுணன் பெயரைச் சார்ந்து நிற்கும் ‘ஏத்து’ என்பது வினைத்தொகை. முக்காலமும் கொள்ளும் சொல்லை நிகழ்காலம் ஒன்றற்கே உரியதாக்கிச் சுவாமிகளும் வரகுணனும் ஒரே காலத்தவர் என்று முடிவுகட்டுதல் இலக்கண வரம்பு கடந்ததாகும். அச்சொல்லால் உறுதியாகப் பெறப்படுவது, சுவாமிகள் வரகுணனுக்கு முற்பட்டவரல்லர் என்பதே. இரு வரகுணருள் எவன் என்னும் வினாவிற்கு, சுந்தரமூர்த்தி நாயனார் திருத்தொண்டத் தொகையில் சுவாமிகள் பெயர் வெளிப்படையாக இல்லாமையும் சேர்த்து நோக்க, இரண்டாமவன் என்பதே பொருத்தமுடைத்து.

மற்றொன்று. ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தப் பெருமான் மதுரையில் வாதுவென்றபின் பாண்டிநாட்டிற் சமணமே இல்லாதொழிந்தது என்று பலர் எழுதுவர். நின்றசீர் நெடுமாறனுக்குப் பின் இருநூறு ஆண்டுகள் கழிந்து, சைவ அன்பனாகிய ஒரு பாண்டியனது ஆட்சியில், அவன் யாண்டையே எண்ணித் தம் படாரரைப் புதுக்கிய துறவியை இக்கல் காட்டுகின்றது. அவன் தந்தை சீமாறன் காலத்தில் மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் சித்தன்னவாசல் அறிவர் கோயிலைப் புதுக்கினான். அரசவையிற் செல்வாக்கு இழந்தது வேறு. நாட்டை விட்டு அகன்றது வேறு.

பழனிக்குச் செல்வார் ஒரு முற்பகலை ஒதுக்கினால் ஐவர்மலை கண்டு மீளலாம். சாசனத்தையும் உருவங்களையும் காணுங்கால் அவற்றின்மீது சுண்ணமோ எண்ணெயோ பூசி எழுத்தை விளக்க முயலாதிருத்தல் வேண்டும். காலைச் சாய்வெயிலிற் பக்கவாட்டில் நின்று நோக்கின் பொறிப்புக்களின் ஆழம் தானே நிழலிட்டு எழுந்து தோன்றும்.